மாதா கிரீடமும் பெரிய டயரும்

கோலார் தங்க வயலுக்குப் பலர் பல காரணங்களுக்காகப் போயிருக்கிறார்கள். நான் ஒரு டயர் பஞ்சாயத்துக்காகப் போனேன்.

அழைத்தது என் தங்கை ஸ்டெல்லா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள். பெரம்பூரில் பிறந்தவள், இப்போது பேசுவது முழுக்கத் தங்க வயல் தமிழ். "அண்ணா, உங்க மாப்ள ஜீப்புக்கு டயர் மாத்தப் போறாரு. கம்பெனி போட்ட சைஸ் வேணாவாம், பெருசா வேணுமாம். ஞாயித்துக்கெழம மாதா அதுமேலதான் வரணும். உயரம் கூடிப்போச்சின்னா இன்னா பண்றது? நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டேன்றாரு. நீ பேப்பர் ஆபீஸ்ல இருந்தவன். நீ அளந்து சொன்னா கேப்பாரு" என்றாள் தொலைபேசியில்.

சென்னையில் ஒரு நாளிதழில் இருபத்தாறு வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் எண்கள் சரியா என்று பார்ப்பது என் வேலை. இறந்தவரின் வயது, அணையின் நீர்மட்டம், ஊர்வலத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. டயர் அதில் வந்ததில்லை. இருந்தாலும் ஒரு பையில் இரண்டு சட்டையும் ஒரு இரும்பு டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை பங்காருப்பேட்டையில் இறங்கி, தங்க வயலுக்குப் போகும் கிளை ரயிலில் உட்கார்ந்தேன். எதிர்த் திசையில் வந்த ரயிலில், படிக்கட்டுகளில் தொங்கியபடி, ஊரே பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. என் பெட்டியில் நானும், கூடை நிறையக் கொத்தமல்லியோடு இரண்டு பெண்களும் மட்டும். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த அளவில் ஒருத்தி சொன்னது: "இந்த ஆள் தப்பான ரயிலில் ஏறிவிட்டான் போல. இந்த நேரத்தில் யார் இந்தப் பக்கம் போகிறார்கள்?" மற்றவள் சொன்னது: "சொல்லாதே. இறங்கிவிட்டால் நமக்குப் பேச்சுத் துணை இருக்காது." ரயில் நின்று நின்று போனது. சென்னையில் மின்சார ரயில் ஐந்து நிமிடம் தாமதமானால் அரசாங்கத்தைத் திட்டுவோம். இங்கே முக்கால் மணி நேரம் நின்றபோது அந்தப் பெண்கள் கொத்தமல்லியை ஆய ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு கட்டு கொடுத்தார்கள். ஆய்ந்தேன்.

ஊரிகம் ஸ்டேஷனில் வண்டியோடு காத்திருந்தார் வில்சன், என் தங்கை கணவர். ஊரிலுள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். அங்கே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினால் பொருளைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று சொல்வார். அப்படிப்பட்டவர் மூன்று மாதத்துக்கு முன்பு பெங்களூரில், பழைய காடுமேடு ஓடும் ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். மேலே இரும்புக் கூரை கிடையாது. துணிக் கூரை, வேண்டுமானால் கழற்றிக்கொள்ளலாம். முன்பு வைத்திருந்தவர் கை வைக்காத வண்டி, எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது.

"இன்னா மச்சான், வண்டி எப்டி கீது?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

"கால பாருங்க மச்சான். ஒடம்பு பயில்வான் மாதிரி, கால் மட்டும் கொக்கு மாதிரி. பேக்டரி கேட்ல நுழையறப்ப பசங்க சிரிக்கிறானுங்க."

டயரைப் பார்த்தேன். தேய்ந்திருந்தது. பின்பக்க டயர் ஒன்றின் பக்கவாட்டில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. டயர் மாற்றத்தான் வேண்டும். அளவு மட்டும்தான் வழக்கு.

வழக்கின் பின்னணியை வழியில் சொன்னார். பழைய சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீடுகள் அவர்கள் பகுதியில் இரண்டு வரிசை. மேட்டில் இருப்பது மேல் லைன், பள்ளத்தில் இருப்பது கீழ் லைன். மாதா திருவிழா அன்று மாதா சிலையை, அதாவது சுரூபத்தை, ஒரு வண்டியில் ஏற்றி இரண்டு லைனையும் சுற்றி வருவார்கள். ஆறு வருடமாக அந்தப் பாக்கியம் கீழ் லைன் அந்தோணிராஜின் டிராக்டருக்குத்தான். இந்த வருடம் மேல் லைன்காரர்கள் சண்டை போட்டுச் சீட்டுக் குலுக்க வைத்தார்கள். சீட்டு வில்சனுக்கு விழுந்தது. அந்தோணிராஜ் ஒரு நிபந்தனை போட்டார். வழியில் வண்டி ஒரு தடவை கோளாறு பண்ணினாலும் இனிச் சீட்டே கிடையாது, என்றைக்கும் டிராக்டர்தான். எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். வில்சனும் ஆட்டியிருந்தார்.

இரண்டு லைனுக்கும் நடுவில் வண்டியை நிறுத்தி மேலே காட்டினார். சாலைக்குக் குறுக்கே ஒரு பெரிய இரும்புக் குழாய் போனது. சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய். சுரங்கம் மூடிய பிறகு அதில் தண்ணீர் இல்லை, புறா இருந்தது. குழாயின் நடுவில் ஓர் இரும்புப் பலகையில், வெள்ளை எழுத்தில், 11 அடி 6 அங்குலம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"இதுக்குக் கீழதான் மாதா போவணும். வேற வழி கெடையாது" என்றார்.

அன்று மதியம் குஸ்காவும் கோழிக் குருமாவும். சென்னையில் குஸ்கா என்றால் கறி வாங்க முடியாதவன் சாப்பிடுவது. இங்கே அதற்கென்று தனி மரியாதை இருக்கிறது. சோற்றில் கறி கிடந்தால் ருசி கெடும் என்பதுபோலத் தனியாக வைக்கிறார்கள். மூன்றாவது முறை போட்டுக்கொண்டபோது ஸ்டெல்லா, "வந்த வேலைய மறந்துடாத" என்றாள்.

வெள்ளிக்கிழமை ராபர்ட்சன்பேட்டைக்குப் போனோம். டயர் கடைக்காரர் நாகேஷ் வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஆட்களைக் கன்னடத்தில் வேலை வாங்கினார், எங்களிடம் தமிழில் வியாபாரம் செய்தார். டயரின் பக்கவாட்டில் இருந்த எண்களை எனக்கு விளக்கினார். வண்டியில் இருந்தது 235/70 R16. 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் சதவீதமாக. 16 என்பது உள்ளே இருக்கும் ரிம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம். எந்த நிருபராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் தாளை அவர் மேஜைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

வில்சன் கேட்டது 265/75. நாகேஷ் அந்த டயரை உருட்டி வந்து வண்டி அருகே நிறுத்தினார். கன்றுக்குட்டி நிற்பதுபோல நின்றது.

"இது பேடா சார்" என்றார் நாகேஷ், வேண்டாம் என்பதை மட்டும் கன்னடத்தில். "ஸ்டியரிங் ஃபுல்லா ஒடிச்சா உள்ள உரசும். ஸ்பிரிங் மாத்தி வண்டியத் தூக்கணும். இன்சூரன்ஸ்காரன் பாத்தா கேள்வி கேப்பான். 245/75 போடுங்க. உங்க வண்டியிலயே மேல் மாடலுக்குக் கம்பெனி குடுக்கிற சைஸ். யாரும் வாயத் தெறக்க மாட்டான்."

"மேல் மாடல்னா?"

"இதே வண்டி சார். சீட்டு மெத்துனு இருக்கும்."

வில்சன் இரண்டு டயருக்கும் நடுவில் நின்று மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு பள்ளத்தை ஆராய்ந்தார். சேற்றுக்கான எம்.டி. டயர், மொத்தை மொத்தையாகப் பல் வைத்தது. எல்லாத் தரைக்குமான ஏ.டி. டயர், கொஞ்சம் அடக்கமானது. வில்சனுக்கு எம்.டி.மேல் கண்.

"எம்.டி. போட்டா தார் ரோட்ல ஏரோப்ளேன் மாதிரி சத்தம் வரும் சார்" என்றார் நாகேஷ். "எந்தச் சேத்துல ஓட்டப் போறீங்க?"

வில்சன் யோசித்தார். வீட்டிலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலையிலிருந்து வீடு, ஞாயிற்றுக்கிழமை கோவில். இதில் சேறு எங்கும் இல்லை. "மழை பேஞ்சா நம்ம லைன்ல..." என்று ஆரம்பித்தார்.

"பாட்டுக் கேக்காது மாப்பிள்ளை" என்றேன். "பாடகர் குழு வண்டிக்குப் பின்னாலதானே நடந்து வரும்?"

அந்த ஒரு வாதத்தில் எம்.டி. விழுந்தது. ஸ்கூட்டரில் பஞ்சர் போட வந்து முக்கால் மணி நேரமாகக் காத்திருந்த ஒருவர், நாகேஷின் ஆளிடம் கன்னடத்தில் கேட்டார். நாகேஷே சிரித்துக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தார்: "இவர்கள் டயர் வாங்க வந்தார்களா, பெண் பார்க்க வந்தார்களா?"

245/75, ஏ.டி. என்று முடிவானது. நான்கு புது டயர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார் நாகேஷ். வில்சன் ஒவ்வொன்றின் மேலும் விரலால் சின்னதாகச் சிலுவை போட்டார். இரண்டும் அருகருகே இருந்தன.

திரும்பும் வழியில் பேக்கரியில் தில்பசந்த் வாங்கினோம். தேங்காய்ப்பூவும் செர்ரியும் அடைத்து வட்டமாகச் சுட்டு, எட்டாக வெட்டித் தருகிறார்கள். வில்சன் தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பக்கச் சுவரு நல்லா கீது" என்றார்.

அன்று மாலை கணக்குப் போட உட்கார்ந்தேன். பழைய டயரின் முழு உயரம் 735 மில்லிமீட்டர். புதியது 774. வித்தியாசம் சுமார் 38. தாளில் இரண்டு வட்டம் வரைந்து, மையம் குறித்து, வண்டி எவ்வளவு உயரும் என்று விளக்க ஆரம்பித்தேன். ஸ்டெல்லா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"சக்கரத்துல பாதி அச்சுக்கு மேல கீது, பாதி கீழ கீது. கீழ் பாதிதான வண்டியத் தூக்கும்? அப்ப பாதிதான். பத்தொம்போது. இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேப்பர்?"

பத்தொன்பது மில்லிமீட்டர். முக்கால் அங்குலம். பழைய டயரில் மாதாவின் உயரத்தை வில்சன் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். தரையிலிருந்து பலகை மேடை 6 அடி 2 அங்குலம், சுரூபம் 4 அடி 6, கிரீடம் 8 அங்குலம். மொத்தம் 11 அடி 4. மேடையை அவரே தொழிற்சாலை நண்பர்களோடு சேர்ந்து வெல்டிங் செய்திருந்தார். இனி இறக்க முடியாது. முக்கால் அங்குலம் கூட்டினால் 11 அடி 4¾. குழாய் 11 அடி 6. மிச்சம் ஒன்றேகால் அங்குலம்.

"போவும்" என்றேன்.

"நான் சொல்லல?" என்றார் வில்சன்.

ஸ்டெல்லா மட்டும், "கொழாயயும் ஒரு தடவ அளந்துடுண்ணா" என்றாள்.

சனிக்கிழமை காலை டயர் மாட்டினார்கள். வண்டி உண்மையிலேயே வேறு வண்டியாகத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபோது முன்பக்கச் சேறுதடுப்பு ரப்பர் டயரில் லேசாக உரசியது. வில்சன் வீட்டுக்கு வந்து, மீன் வெட்டும் கத்திரியை எடுத்து அந்த ரப்பரை ஒரு விரல் அகலம் நறுக்கினார். ஸ்டெல்லா அந்தக் கத்திரியை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். மூன்று முறையும் வில்சனைப் பார்த்தாள்.

சோதனை ஓட்டத்துக்கு சயனைடு மேட்டுக்குப் போனோம். சுரங்கத்திலிருந்து வந்த பாறையை அரைத்து, சயனைடால் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய மண், மலைமலையாகக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு சரிவில் வில்சன் வண்டியை ஏற்றினார். பாதி ஏறியதும் இறங்கிவிட்டார். "போதும் மச்சான். புது டயரு, அழுக்காவுது." வேகமானி அறுபது காட்டினால் உண்மையில் அறுபத்து மூன்று போகிறோம் என்று திரும்பும்போது சொன்னேன். டயர் பெரிதானால் அதே சுற்றில் அதிக தூரம் போகும். அவருக்கு அது மிகவும் பிடித்தது. "சும்மா கெடைக்குது மூணு" என்றார்.

வரும் வழியில் குழாய்க்குக் கீழே நிறுத்தச் சொன்னேன். டேப்பை எடுத்தேன். எட்டவில்லை. யாராவது ஏணி கொடுப்பார்களா என்று கேட்டேன். அப்போது மரியசூசை வந்தார்.

அவர் மேல் லைன்காரர். சுரங்கம் மூடும்வரை பேங்க்ஸ்மேனாக இருந்தவர். குழியின் வாயில் நின்று, ஆட்களை எண்ணிக் கூண்டில் ஏற்றி, கதவை அடைத்து, மணி அடித்துக் கீழே அனுப்புவது அவர் வேலை. இப்போதும் யாரைப் பார்த்தாலும் எண்ணிவிட்டுத்தான் பேசுகிறார்.

"ரெண்டு பேரு. கைல இன்னா அது?"

"டேப்புங்க. குழாய அளக்கலாம்னு."

அவர் மேலே பலகையைப் பார்த்தார். பிறகு என் டேப்பைப் பார்த்தார். "அது கம்பெனி சர்வே டிபார்ட்மெண்ட் போட்ட நம்பரு. பத்தாயிரம் அடி பூமிக்குள்ள ரெண்டு பக்கத்துல இருந்து சொரங்கம் தோண்டினு வந்து, நடுவுல முட்ட வெச்சவங்க. நூல் பெசகாது. நீங்க ஸ்டேஷனரி கடை டேப்ப வெச்சினு அத்த செக் பண்ணப் போறீங்களா?"

"ஹார்டுவேர் கடை டேப்புங்க."

"அதான்."

வில்சன் என் கையைத் தொட்டார். "வுடுங்க மச்சான். கம்பெனி நம்பரு தப்பாவாது." நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரோடு தினமும் மல்லுக்கட்டும் மனிதர் இதைச் சொன்னார். விருந்துக்கு வந்த இடத்தில் எழுபது வயதுக்காரரிடம் வாதாட எனக்கும் மனமில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். இதை இங்கே பதிவு செய்வது அவசியம்.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு, பூசை முடிந்து, மாதாவுக்குப் பங்குச் சாமியார் முடி சூட்டினார். சுரூபத்தை மேடையில் ஏற்றிக் கட்டினார்கள். வண்டி முழுக்கச் சாமந்தி, கலர் பல்பு. டயரை மறைத்துத் துணி கட்ட வந்த பெண்களை வில்சன் தடுத்துவிட்டார். "மத்தது எல்லாம் மூடுங்க. இத்த மட்டும் வுட்டுடுங்க."

பேண்டு முன்னால், சாமியார் பின்னால், அதற்குப் பின்னால் பாடகர் குழுவும் நானூறு ஐந்நூறு பேரும். எண்ணிக்கை என்னுடையது. மரியசூசை ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றார். அந்தோணிராஜ் தன் கீழ் லைன்காரர்களோடு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார். அகலமான ஆள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குலுங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். குலுங்கவில்லை. புது டயர் அத்தனை பள்ளத்தையும் விழுங்கியது. வில்சன் கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே ஓட்டினார்.

மேல் லைன் முடிந்து, கீழ் லைனுக்கு இறங்கும் இடத்தில் குழாய் வந்தது.

வண்டி ஊர்ந்தது. மேலே மண்டியிட்டுச் சுரூபத்தைப் பிடித்திருந்த இருவரில் ஒருவர் திடீரென்று, நிறுத்தச் சொல்லி, "ஓல்டு! ஓல்டு!" என்று கத்தினார். நின்றது. கிரீடத்தின் உச்சியில் இருந்த சிலுவை, குழாயின் அடிவயிற்றுக்கு நேராக, நான்கு விரல் தள்ளி நின்றது. கீழாக அல்ல, நேராக. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இடித்திருக்கும்.

பேண்டு ஒரு சுரத்தில் நின்றுபோனது. புறாக்கள் கிளம்பின.

"எவ்ளோ இடிக்குது?" என்று கேட்டார் வில்சன், இருக்கையிலிருந்து திரும்பாமல்.

"அர இஞ்சி."

வில்சன் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். 11 அடி 6 அங்குலம். பலகை எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

அந்தோணிராஜ் வண்டியைச் சுற்றி நடந்து, டயர் முன் நின்றார். "சோக்கா கீது டயரு. நம்ம டிராக்டர் டிரெய்லருன்னா இந்நேரம் கோயிலுக்கே போயிருக்கும்" என்று பொதுவாகச் சொன்னார். கீழ் லைன்காரர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். குழாய்க்கு அடியில் தார் கறுப்பாக, புதிதாக, பளபளவென்று இருந்தது. திருவிழாவுக்காகப் போன மாதம்தான் சாலை போட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே.

யோசனைகள் வந்தன. கிரீடத்தைக் கழற்றலாம் என்றார் ஒருவர். பின்னாலிருந்த பெண்கள் பக்கம் பாட்டு நின்று முணுமுணுப்பு எழுந்தது. ஒரு அம்மாள் முன்னால் வந்து, "சாமி சூட்டின முடிய நடுரோட்டுல கழட்டுவியா? உன் தலயக் கழட்டு" என்றாள். பின்னோக்கி எடுத்து வேறு வழி பார்க்கலாம் என்றார் இன்னொருவர். "மாதாவ ரிவர்ஸ்ல கூட்டினு போவியா?" என்றாள் அதே அம்மாள். டயரில் காற்றை இறக்கலாம் என்றான் பேண்டுக்காரன். வில்சன் குதித்து இறங்கி, முன்சக்கரத்தின் காற்று வாய்மேல் கையை வைத்துக்கொண்டார். "இந்த வெயிட்டோட காத்து எறக்கினா ரிம்மு தரைல ஒக்காந்துரும். ஏத்த பம்பு எங்க கீது? நான் இன்னா கோயில் வரைக்கும் தள்ளினு போறதா?" ஞாயிற்றுக்கிழமை. நாகேஷின் கடை பூட்டியிருந்தது.

ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

இத்தனை நேரமும் மரியசூசை பலகைக்குக் கீழே நின்று மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுருங்கியிருந்தது. பிறகு வண்டியின் பின்பக்கம் போனார். பம்பரில் ஒரு காலை வைத்து அழுத்தினார். வண்டி கொஞ்சம் அமுங்கி எழுந்தது. இன்னொரு முறை அழுத்தினார். மேலே கிரீடத்தைப் பார்த்தார்.

"அந்தோணி. இங்க வா. ஏறு."

"நான் இன்னாத்துக்கு?"

"இந்தக் கூட்டத்துல உன்ன விட வெயிட்டு யாரு கீறாங்க? ஏறு."

"மேல் லைன் வண்டில நான் ஏறணுமா? நிக்கட்டும். நாளைக்கு டிராக்டர்..."

"நாளைக்கு இல்ல, இப்ப மாதா நிக்குது. ஒங்க லைனுக்குப் போவத்தான் நிக்குது. ஒன் வூட்டு வாசல்ல ஒம் பொண்டாட்டி மெழுகுத்திரி ஏத்தி வெச்சினு கீறா. போயி சொல்றியா, நான் ஏற மாட்டேன்னுட்டேன், அதனால மாதா வரலன்னு?"

அந்தோணிராஜ் செருப்பைக் கழற்றினார். ஏறினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது.

அதன்பிறகு நான் பார்த்ததை வேறு ஊரில் பார்க்க முடியாது. மரியசூசை நிமிர்ந்து, குரலை மாற்றி, "கேஜு மாதிரி! கைய உள்ள! தோள ஒட்டி!" என்றார். சுரங்கக் கூண்டில் இறங்கி ஏறிய, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாருக்கும் உடம்பு அந்தக் குரலை ஞாபகம் வைத்திருந்தது. மேல் லைன், கீழ் லைன் என்று பாராமல் அவர் கைநீட்டியவர் ஏறினார். முதல் ஆள் ஓரம், அடுத்தவர் அவரோடு தோள் ஒட்டி, முழங்கை மார்போடு சேர்த்து, முகம் வெளியே பார்த்து. பின் பம்பரில் மூவர், பக்கப் படிகளில் இரண்டிரண்டு பேர், உள்ளே ஒருவர். ஓர் ஆளுக்குச் சரியாக ஓர் ஆள் இடம். இருபது வருடத்துக்கு மேலாக இறங்காத கூண்டு அது.

"எட்டு" என்றார் மரியசூசை. ஜாக்கியின் இரும்புக் கம்பியை வாங்கி, ஸ்டெப்னியின் ரிம்மில் மெதுவாக, இடைவெளி விட்டுத் தட்டினார். ஆள் ஏறிய கூண்டுக்கு உரிய மணி அது என்று பிறகு சொன்னார்.

வில்சன் இருக்கைக்குத் திரும்பி, கிளட்சை விட்டார். ஐந்நூறு பேர் தலையைத் தாழ்த்தினார்கள், இடிக்கப்போவது தங்கள் தலை என்பதுபோல. நானும்தான். கிரீடத்தின் சிலுவை குழாய்க்குக் கீழே நுழைந்தது. மேலே இருந்தவர், "கட்ட வெரலு... கட்ட வெரலு..." என்று இடைவெளியைச் சொல்லிக்கொண்டே வந்தார். நுழைந்த மாதா வெளியே வந்தார். பேண்டு விட்ட சுரத்திலிருந்தே தொடங்கியது.

குழாய் தாண்டிய பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. அந்தோணிராஜ் கீழ் லைன் முழுக்கப் பின் பம்பரில் நின்றபடியே வந்தார். தன் வீட்டு வாசலில் மட்டும் கை கூப்பினார். அவர் மனைவி மெழுகுத்திரியோடு மாதாவைப் பார்க்கவில்லை, இவரைத்தான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு உணவு ராகிக் களியும் கோழிச் சாறும். கோளாறு ஆனதா இல்லையா என்பதில் இரண்டு லைனுக்கும் ஒத்துப்போகவில்லை. வண்டி ஓடியது, நிற்க வைத்தது குழாய்தான் என்றது மேல் லைன். தங்கள் ஆட்களின் எடையால்தான் மாதா போனார் என்றது கீழ் லைன். எட்டுப் பேரில் யார் எந்த லைன் என்று எண்ணினார்கள். நான்கும் நான்கும்.

திங்கள் காலை, ரயிலுக்கு முன்னால், ஏணி கேட்டு வாங்கிக் குழாயை அளந்தேன். 11 அடி 4¼ அங்குலம். பழைய டயர் என்றால் கால் அங்குலத்தில் தப்பியிருக்கும். வில்சனிடம் இதைச் சொன்னேன். "ஸ்டெல்லாகிட்ட சொல்லாதீங்க மச்சான்" என்றார். ஸ்டெல்லா ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேதான் நின்றாள்.

மரியசூசையும் வந்திருந்தார். டேப்பை அவரே வாங்கி, கண்ணருகே வைத்துப் படித்தார். "நம்பரு தப்பு இல்ல. ரோடுதான் மேல வந்துச்சி" என்றார்.

"பத்திரிகையில இப்படி ஆச்சுன்னா மறுநாள் திருத்தம் போடுவோம்" என்றேன். "தப்பு பலகையோடது இல்ல. அளக்காம 'போவும்'னு சொன்னது நான்."

அவர் வீட்டுக்குப் போய் வெள்ளை பெயிண்டும் மெல்லிய பிரஷும் எடுத்து வந்தார். பழைய எண்ணை அழிக்கச் சம்மதிக்கவில்லை. அது கம்பெனி நம்பர். அதன் கீழே சின்ன எழுத்தில் எழுத மட்டும் ஒத்துக்கொண்டார். நான் வாசகம் சொன்னேன், அவர் ஏணியில் நின்று எழுதினார்: "ரோடு போட்ட பிறகு 11 அடி 4¼." கொஞ்சம் யோசித்து, என்னைக் கேட்காமல், அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: "பெரிய டயர் வண்டிக்கு 8 பேர் ஏறவும்."

டிராக்டரில் அந்தப் பக்கமாக வந்த அந்தோணிராஜ் வண்டியை நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எட்டு பேரு சரி. எந்த லைன் ஆளுன்னு போடலியே?"

மரியசூசை பிரஷைத் துணியில் துடைத்தார்.

"பலகைல எடம் இல்ல" என்றார்.